நொய்யற்கரைக் கணக்கு

சிரஞ்சீவி முகிலனுக்குப் பெரியப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. வறிய நாடு முதலில் பொருள் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஆறும் காற்றும் தூய்மையாக இருக்க வேண்டும் என்னும் கவலை வயிறு நிறைந்த தேசங்களுக்கே உரியது என்று கல்லூரிப் பட்டிமன்றத்தில் வாதாட உன் நண்பர்கள் ஆயத்தமாகிறார்கள் என்றும், எதிர்க்கட்சியில் நிற்கும் நீ ஐக்கிய நாடுகள் சபை 2015-ஆம் ஆண்டு வகுத்த 17 இலக்குகளையும் வரிசை பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். மனப்பாடத்தை நிறுத்திவிடு என்பதே நான் சொல்லும் முதல் யோசனை. நீடித்த வளர்ச்சி என்று உலகம் இன்று பேசும் விஷயத்தில் சட்டம் என்ன செய்யும், எங்கே தோற்கும், நீதிமன்றம் எப்போது தலையிடும், விஞ்ஞானம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எது இன்னும் தீராமல் நிற்கும் என்று நீ அறிய வேண்டியது யாவும், நாள்தோறும் பஸ்ஸில் நீ கடந்துபோகும் நொய்யல் பாலத்தின் கீழேயே கிடக்கிறது.

உன் நண்பர்களின் கட்சியை முதலில் மரியாதையோடு கேள். அதில் உண்மை உண்டு. நம் சீமை மழை குறைந்த சீமை. கிணற்றில் ஊறும் நீரை நம்பிப் பருத்தியும் சோளமும் கம்பும் விளைவித்து, கிணறு வற்றிய ஆண்டுகளில் ஊரை விட்டுப் போன குடியானவர்களின் வம்சத்தில்தான் நாமும் பிறந்தோம். 1920-களில் திருப்பூரில் ஒன்றிரண்டு பனியன் கம்பெனிகளாகத் தொடங்கிய தொழில், 1970-களின் இறுதியில் இத்தாலிய வியாபாரிகளின் கண்ணில் பட்டு அயல்நாட்டு ஏற்றுமதியாகக் கிளைத்து, 1985-ஆம் ஆண்டளவில் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்தது. இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது. பின்னல் யந்திரத்தின் முன் கூலிக்கு நின்றவர் சில ஆண்டுகளில் சொந்தமாகக் கம்பெனி வைத்ததையும், கட்டிங், ஓவர்லாக், காஜா பட்டன், செக்கிங் என்று பகுக்கப்பட்ட வேலைகளில் தென்மாவட்டத்துப் பெண்களும், பின்னர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்த இளைஞர்களும் பிழைப்புக் கண்டதையும் அற்பமென்று எவன் சொல்வான்? 1972-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாட்டில், வறுமையையும் இல்லாமையையும் விடப் பெரிய மாசு வேறு உண்டோ என்னும் பொருள்பட இந்திரா காந்தி கேட்ட கேள்வி, ஏழை நாடுகள் எல்லாவற்றின் சார்பிலும் எழுந்த நியாயமான கேள்வியே. ஆனால், அதே அம்மையாரின் சர்க்கார்தான் 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது என்பதையும், 1976-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தில் 48-ஏ என்னும் பிரிவைச் சேர்த்துச் சுற்றுச்சூழலைக் காப்பது ராஜ்யத்தின் கடமை என்று எழுதியது என்பதையும் உன் நண்பர்கள் சொல்லாமல் விட்டுவிடக்கூடும். அந்த இடத்தில் நீ எழுந்து பேசலாம்.

இனி, பனியன் துணிக்கு நிறமேற்றும் சாயப்பட்டறைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மேடையேறாதே. நொய்யலின் வழக்கு முழுவதும் உப்பின் வழக்கு. பருத்தி இழையும் இக்காலத்துச் சாயங்களும் தண்ணீரில் ஒரே வகை மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று விலக்குவன; தொட்டியில் உப்பைக் கொட்டினால்தான் அந்த விலக்கம் தணிந்து சாயம் இழையை நாடிப் பற்றும். அடர்ந்த கறுப்பும் நீலமும் சிவப்பும் வேண்டுமானால், ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேலும் உப்புச் செலவாகும். இவ்வளவு உப்பிலும் ஒரு சிட்டிகையேனும் துணியோடு கடல் கடந்து போவதில்லை. தரகு வேலையை முடித்துக்கொண்டு, ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தோடும் காரத்தோடும் அவ்வளவும் கழிவுநீரில் இறங்கிவிடுகிறது. விஞ்சு என்னும் பழைய சாய யந்திரங்களின் காலத்தில் ஒரு கிலோ துணியை வெளுத்துச் சாயமேற்றி அலசி முடிப்பதற்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் போயிற்று. அப்படிப்பட்ட பட்டறைகள் நூற்றுக்கணக்கில் ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் இரவும் பகலும் இயங்கின என்று எண்ணிப் பார்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூரில் காஞ்சிமாநதி என்று தொழப்பட்டு, வழிநெடுகப் பழைய அணைக்கட்டுகளுக்கும் குளங்களுக்கும் நீரூட்டிக் காவிரியில் கலக்கும் நொய்யல், ஆண்டில் பெரும்பகுதியும் மெலிந்து ஓடும் ஆறு. கழிவைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்யும் வெள்ளம் அதற்கில்லை. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-ஆம் ஆண்டளவில் அணையொன்று கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் பல்லாயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருவதற்கென்று கட்டியது அது. சங்கநூலில் பெயர் இடம்பெற்றதும், இரும்பு உருக்கிய உலைகளும் மணி கோத்த பட்டறைகளும் நூல் நூற்ற தக்கிளிகளும் அகழ்வாராய்ச்சியில் வெளிப்பட்டதுமான கொடுமணல், அந்த அணைக்கு அண்மையில், இதே ஆற்றின் கரையில்தான் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இந்நதிக்கரை தொழிற்கரையாகவே இருந்தது; அன்று ஆறும் பிழைத்தது, தொழிலும் நடந்தது. புதிய அணையிலோ சில ஆண்டுகளுக்குள் சாயநீர் தேங்கிற்று. அந்நீர் பாய்ந்த நிலம் உவர்த்தது. சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் உவர்த்தன. தென்னை குருத்துக் கருகியது. மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்க மறுத்தது. உன் பெரியம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கந்தான். அவளுடைய தகப்பனார் கிணற்று நீரைக் கையில் ஏந்தி வாயில் விட்டுத் துப்பியதை நானே பார்த்திருக்கிறேன். எந்த அணையை வேண்டுமென்று குடியானவர்கள் கேட்டார்களோ, அந்த அணையில் நீரைத் தேக்கவும் வேண்டாம், எங்கள் வாய்க்காலில் திறந்துவிடவும் வேண்டாம் என்று அதே பாசனக்காரர்கள் நீதிமன்றத்தின் வாசலில் போய் நின்றார்கள். நாட்டின் அபிவிருத்திச் சரித்திரத்தில் இதைவிடத் துயரமான மனு வேறு ஏதேனும் எழுதப்பட்டிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

சட்டம் இல்லாமல் இது நேர்ந்துவிடவில்லை. மாணவனாகிய நீ ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. 1974-ஆம் ஆண்டின் சட்டம் இருந்தது. 1982 முதல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தது. போபால் விபத்துக்குப் பின் 1986-ல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. குறிப்பிட்ட ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டர் தூரத்துக்குள், மிகுந்த மாசு விளைக்கும் தொழில்களைப் புதிதாகத் தொடங்கலாகாது என்ற 1989-ஆம் ஆண்டின் அரசாணையும் இருந்தது. இருந்தும் பட்டறைகள் பெருகின. சட்டத்தை மீறுவதற்கு ஆகும் செலவு, அதற்குக் கீழ்ப்படிவதற்கு ஆகும் செலவைவிடக் குறைவாக இருக்கும்வரை, நல்லவனும்கூடக் கீழ்ப்படியத் தயங்குவான். ஏனெனில் கீழ்ப்படிந்தவனுடைய துணிக்கு அடக்கவிலை ஏறும், மீறிய அண்டைக்காரனுக்கு ஆர்டர் போகும். மேல்வீட்டுக்காரன் தன் சாக்கடையைக் கீழ்வீட்டு முற்றத்துக்குத் திருப்பிவிட்டுத் தன் குடும்பச் செலவு குறைந்ததென்று மகிழ்வது போலத்தான், பனியனின் விலையில் ஒரு பகுதியைத் திருப்பூர் செலுத்தாமல், காங்கயம், சென்னிமலை, கரூர்க் குடியானவர்கள் தங்கள் நிலத்தால் செலுத்திக்கொண்டிருந்தார்கள். செல்வம் சேர்ந்த பிறகு ஆற்றைக் கவனிப்போம் என்கிறவர்கள், அந்த இடைக்காலத்துச் செலவு எவர் தலையில் விழும் என்பதைச் சொல்வதே இல்லை. அது எப்பொழுதும், இலாபத்தில் பங்கில்லாத, கீழ்மடையில் இருக்கிற, உரத்துப் பேசத் தெரியாத ஒருவன் தலையிலேதான் விழுகிறது. 1956-ஆம் ஆண்டு ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் பாதரசம் தின்ற மீனை உண்டு நரம்பு முறுக்கித் துடித்தவர்களும் செம்படவக் குடும்பத்தினரே. ரசாயன ஆலையின் இலாபத்தைப் பிரித்துக்கொண்டவர்கள் அல்லர்.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டில், வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒரு பெருந்தீர்ப்பை அளித்தது. தீங்கு நேருமென்று அஞ்ச இடமிருந்தால் முழு நிரூபணத்துக்காகக் காத்திராமல் தடுக்க வேண்டும் என்பதும், மாசு செய்தவனே அதன் ஈட்டைக் கொடுக்க வேண்டும் என்பதும் இந்தியச் சட்டத்தின் அங்கங்களே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தமிழ்நாட்டுத் தோல் ஆலைகளின் வழக்கில் பிறந்த நியாயம் அது; இன்று நாடெங்கும் சட்டம் படிக்கிறவர்கள் முதலில் படிக்கும் வழக்குகளில் ஒன்று. நொய்யல் பாசனக்காரர்களும் அதே நியாயத்தைப் பற்றிக்கொண்டு நீதிமன்றம் ஏறினார்கள். சேதத்தை மதிப்பிட ஏற்பட்ட அதிகார அமைப்பு, 28,000-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது.

இதற்கிடையில், தொண்ணூறுகளின் பிற்பகுதியில், நீதிமன்றத்தின் நெருக்குதலால் பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டியிருந்தன. அவை நிறத்தை அகற்றின, துர்நாற்றத்தையும் ஓரளவு அகற்றின, உப்பை அகற்றவில்லை. நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. வெளியேறிய நீரிலோ அதைப்போல் பன்மடங்கு இருந்தது. பார்வைக்குத் தெளிந்த அந்த நீர், சிவந்து ஓடிய முந்தைய நீரைப் போலவே பயிரைக் கொன்றது. கண்ணுக்குத் தெரிகிற குற்றத்தை மாத்திரம் நீக்கிவிட்டு வேலை முடிந்ததென்று கருதும் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத நிலையை அடுத்த ஜூலைக்குள் எய்த வேண்டுமென்றும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, பிறகு 8, பிறகு 10 என்று ஏறிச் செல்லும் அபராதம் கட்ட வேண்டுமென்றும் கட்டளையிட்டது. ஏறிச்செல்லும் அந்தப் பைசாக் கணக்கை அலட்சியமாக எண்ணாதே. ஆற்றில் கலக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் விலையுண்டு என்று பட்டறைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் முதன்முதலாக எழுதவைத்தது அதுதான். உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அக்கட்டளையை உறுதி செய்து மூன்று மாதம் தவணை தந்தது. தவணை கடந்தும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வாரத்தில் நின்றன. துணி லாரிகள் வெளியூர்களைத் தேடி ஓடின, ஆர்டர்கள் தாமதமாயின, கூலிக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். அக்காலத்தில் ரயில் நிலையத்தில் தெரிந்த முகங்களை, நதிக்காக வாதாடும்போதும் நீ மறந்துவிடலாகாது. தக்க காலத்தில் செய்யாத சீர்திருத்தம் பிற்பாடு தண்டனையாக வரும்போது, அதன் முதல் அடி தவறு செய்யாத தொழிலாளியின் மீதுதான் விழுகிறது.

தடை மட்டும் ஆற்றை மீட்டிருக்காது. தடைக்குப் பின் வந்தவை உபாயமும் மூலதனமும். மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அருள்புரம் நிலையத்தில் புதிய முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த முறையை நீ நேரில் கண்டால் வியப்பாய். கழிவுநீரை முதலில் நுண்ணுயிர்கள் வாழும் தொட்டிகளில் விட்டு, அதில் கலந்த கரிமப் பொருள்களைத் தின்னச் செய்கிறார்கள். பிறகு நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்தத்தோடு செலுத்தி நல்ல நீரைப் பிரித்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். சவ்வின் இப்பக்கம் தங்கிவிட்ட அடர்ந்த உப்புநீரையும் வீணாக்காமல், நிறம் நீக்கி, மீண்டும் சாயத்தொட்டிக்கே உப்புக் கரைசலாகக் கொடுக்கிறார்கள். எஞ்சியதை நீராவியால் சுண்டவைத்து உப்பாகப் படியச் செய்கிறார்கள். சாதாரண உப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தினால் இவ்வாறு மீட்பது எளிதென்று கண்டதும் ஒரு முன்னேற்றம். நூறு பங்கு நீரில் தொண்ணூறு பங்குக்கு மேல் திரும்பி வருகிறது. தண்ணீரைக் கிராமங்களிலிருந்து லாரியில் வாங்கிக்கொண்டிருந்த ஊருக்கு, பவானி நீரைக் குழாயில் கொண்டுவர அரசும் தனியாரும் கூட்டாகப் பெருந்திட்டம் வகுத்துச் செலவிட்ட ஊருக்கு, இது எவ்வளவு பெரிய லாபம் என்று யோசித்துப் பார். இவ்வளவு பெரிய தொழிற்கூட்டம் ஒன்று சேர்ந்து கழிவே வெளியேற்றாத நிலைக்கு வந்தது உலகத்திலேயே அபூர்வம்; அதைச் செய்துகாட்டியவர்கள் பெரும்பாலும் பள்ளிப்படிப்போடு தொழிலில் இறங்கிய நம் ஊர்க்காரர்கள் என்பதில் எனக்குள்ள பெருமிதத்தை நான் மறைக்கப்போவதில்லை.

தண்டிப்பதொன்றே கொள்கை என்று நினைத்துவிடாதே. ஆசை காட்டி அழைத்துச் செல்வதும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றை நம்பி உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் நிற்கும் காற்றாலைகளில் பல, பனியன் முதலாளிகளுக்குச் சொந்தம். காற்றாலையின் விலையில் பெரும்பகுதியை முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமானவரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு கொடுத்த சலுகையே அவர்களை அதன்பால் இழுத்தது. வரிச்சலுகைக்காக முதல் போட்டவர்களால் நாட்டுக்குப் புகையில்லாத மின்சாரம் கிடைத்தது. ஒருவரது சுயநலத்தைப் பொதுநலம் இருக்கும் திசையில் திருப்பிவிடும் இந்த வித்தையில் நம் தேசம் இன்னும் நெடுந்தூரம் போகலாம்.

அதற்காக எல்லாம் நிறைவேறிவிட்டதென்று மேடையில் முழங்கிவிடாதே. நீரைச் சுண்டவைக்க விறகும் மின்சாரமும் எரிகின்றன. நீரிலிருந்து நீக்கிய பாவத்தில் ஒரு பங்கு புகையாக மேலே போகிறது. சாயமேற்றும் செலவு கூடியிருப்பதால், அத்தகைய விதி இத்தனை கண்டிப்பாக இல்லாத வங்கதேசத்தோடும், நம் நாட்டிலேயே வேறு நகரங்களோடும் திருப்பூர் கை கட்டப்பட்டு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. லூதியானாவில் சாயப்பட்டறைகளின் நீர் புத்தா நாலா என்னும் ஓடையில் விடப்படுவது குறித்து இன்றும் வழக்கு நடக்கிறது. திருப்பூரில் மூடியபோது சாயவேலையில் ஒரு பகுதி பக்கத்து மாவட்டங்களுக்கு நழுவிப் போயிற்று. பவானியாற்றிலிருந்து 13-ஆம் நூற்றாண்டில் காளிங்கராயர் வெட்டி, நொய்யலில் கொண்டுவந்து சேர்த்த வாய்க்காலும் ஈரோட்டுத் தொழிற்சாலைகளின் கழிவால் பட்ட பாடு ஊரறியும். ஆகவே, ஒரு ஊருக்கு மட்டும் வகுக்கும் கண்டிப்பான விதி, மாசை இடம்பெயரச் செய்யும். தேசம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம். அயல்நாட்டுக் கம்பெனிகளையும் இதில் தப்பவிடலாகாது. சுற்றுச்சூழல் சான்றிதழ் கேட்கும் அதே கையால் சட்டையின் விலையில் பேரம் பேசுகிறவர்கள், சான்றிதழின் செலவில் ஒரு பங்கையேனும் ஏற்பதே நியாயம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கின்மீது வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, இப்படிப்பட்ட செலவுகளைச் சுமந்து நிற்கும் ஊரின் தவிப்பை நீயே பார்த்தாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டறைக்காரர்களைப் பிடித்துக் கேட்ட அளவு நகரங்களை எவரும் கேட்கவில்லை. கோவையிலிருந்து திருப்பூர் வரை வீட்டுச் சாக்கடை நொய்யலில் கலந்துகொண்டேயிருக்கிறது. மாசு செய்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்னும் நியாயம், வரி வசூலிக்கும் நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் பொருந்தாதா? குடிமக்களிடம் கண்டிப்பும் தன்னிடம் தயவுமாக நடக்கும் சர்க்காரின் சட்டத்தை எவனும் மனமார மதிக்கமாட்டான். எதிர்க்கட்சிக்காரர்கள் இதை எடுத்து வீசுவதற்கு முன் நீயே சொல்லிவிடு. உன் வாதம் அதனால் பலப்படும்.

பட்டிமன்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அருள்புரம் நிலையத்தைப் பார்க்க அனுமதி கேட்டு வை. முடிந்தால் மறுநாளே ஒரத்துப்பாளையம் போய் வா. நிலையத்தில், சோடியம் சல்பேட்டாகப் பிரித்தெடுக்க முடியாமல் எஞ்சும் கலப்பு உப்பை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார். மழை படாமல் மூட்டைகளில் அடுக்கி வைத்திருக்கிற அந்த உப்பை மலிவாகப் பிரிக்க ஒரு வழி கிடைத்தால், இந்தத் தொழிலின் பெருஞ்செலவுகளில் ஒன்று குறையும். நீ படிப்பது வேதியியல். உன் பேராசிரியரிடம் இதைப் பற்றி விசாரித்து, அவர் சொல்வதைப் பட்டிமன்ற முடிவோடு சேர்த்து எனக்கு எழுது. உன் பெரியம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள பெரியப்பா